நீடித்த துக்கம்: எந்தச் சிகிச்சை யாருக்குப் பொருந்தும்?

ஒருவரை இழந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. துக்கமோ முதல் மாதத்தில் இருந்த அதே உக்கிரத்தோடு நிற்கிறது. வேலையில் மனம் ஒன்றவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. இந்த நிலையில் இருப்பவரிடம் "கவுன்சிலிங் போய்ப் பாருங்களேன்" என்று சொல்லாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் போய்ச் சேரும் அறைக்குள் நடப்பது இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் வாராவாரம் மனம் விட்டுப் பேசச் சொல்வார்கள். இன்னோரிடத்தில் மரணச் செய்தி வந்த நிமிடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்லி, அதை ஒலிப்பதிவு செய்து, வீட்டில் தினமும் கேட்கச் சொல்வார்கள். மூன்றாவது இடத்தில் மருந்துச் சீட்டு மட்டும் கிடைக்கும். இவை மூன்றும் ஒரே அளவு பலன் தருபவை அல்ல. எதை முதலில் தேர்ந்தெடுப்பது, எதைத் துணையாக வைத்துக்கொள்வது, எதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதைப் பிரித்துச் சொல்லப் போதுமான ஆய்வுகள் இப்போது இருக்கின்றன.

சிகிச்சையே வேண்டுமா?

இயல்பான மரணங்களில் உறவை இழந்த பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் துக்கம் நோயளவுக்கு நீடிக்கிறது. விபத்து, கொலை, தற்கொலை போன்ற மரணங்களில் இந்த விகிதம் பல மடங்கு அதிகம். மற்றவர்கள் அழுதும், தூக்கம் கெட்டும், சில நாட்கள் சிரித்தும் மெல்ல மெல்லத் தாமாகவே வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சிகிச்சை கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு இதைத்தான் காட்டியது: இழப்பைச் சந்தித்தவர்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த ஆலோசனை, சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது எந்த வித்தியாசத்தையும் மிச்சம் வைக்கவில்லை. உண்மையிலேயே தடுமாறிக்கொண்டிருந்தவர்களுக்குக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. ஆகவே இரண்டாவது மாதத்தில் அழுகை நிற்கவில்லை என்பதற்காகச் சிகிச்சையாளரைத் தேட வேண்டாம். உயிர் வாழ விருப்பமில்லை என்ற பேச்சு எழுந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி, நீடித்த துக்கம் என்ற நோயாகக் கொள்ள, இழப்புக்குப் பின் குறைந்தது 6 மாதங்கள் கடந்திருக்க வேண்டும். அந்தச் சமூகத்தில் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் அளவையும் மீறியதாகத் துக்கம் இருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5-டிஆர் என்ற நோயறிதல் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதங்கள், குழந்தைகளுக்கு 6 மாதங்கள் என்று வைக்கிறது. மையத்தில் இருப்பது இறந்தவர் மீதான தீராத ஏக்கம், அல்லது அவரைப் பற்றிய நினைவிலேயே மூழ்கியிருப்பது. அதோடு எட்டு அறிகுறிகளில் குறைந்தது மூன்று, கடந்த ஒரு மாதமாக அநேகமாக எல்லா நாளும் இருக்க வேண்டும்: தன்னில் ஒரு பகுதியே செத்துவிட்டது போன்ற உணர்வு, நம்ப முடியாமை, நினைவூட்டுபவற்றைத் தவிர்த்தல், கடும் மனவேதனை, பழைய வாழ்க்கைக்குத் திரும்ப முடியாமை, உணர்ச்சி மரத்துப்போதல், வாழ்வு அர்த்தமற்றதாகப்படுதல், கடும் தனிமை. ஓரளவு கணிக்க பிஜி-13-ஆர் என்ற வினாத்தாள் உதவும். அதில் 10 அறிகுறிகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 30-ஐத் தொட்டால் நிபுணரிடம் போவது சரி. வினாத்தாளை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

இங்கேதான் பலர் முதல் திருப்பத்திலேயே வழி தவறுகிறார்கள். நீடித்த துக்கத்தை மனச்சோர்வு என்று எண்ணி மருந்தோடு நிறுத்திக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. மனச்சோர்வில் எதன் மீதும் நாட்டம் இருக்காது. நீடித்த துக்கத்தில் நாட்டம் இருக்கிறது, ஆனால் அது முழுக்க இல்லாத ஒருவர் மேல் குவிந்திருக்கிறது. அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயில் மேலோங்குவது பயம். மனம் அந்தச் சம்பவத்தைச் சுற்றி வரும். துக்கத்தில் மேலோங்குவது ஏக்கம். மனம் அந்த ஆளைச் சுற்றி வரும். மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பதும் உண்டு. அப்போது எதை முதலில் எடுப்பது என்பது சிகிச்சையின் போக்கையே மாற்றும்.

ஆறுதலான ஆலோசனை

எளிதில் கிடைப்பது இதுதான். ஒருவர் பொறுமையாகக் கேட்பார், குறுக்கிட மாட்டார், தீர்ப்பு சொல்ல மாட்டார். தனிமை மிகுந்தவருக்கு இது சிறு விஷயமல்ல. ஆனால் நோயளவுக்குப் போன துக்கத்தில் இது மட்டும் போதாது என்பதைப் பல ஒப்பீடுகள் காட்டியிருக்கின்றன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். துக்கத்தில் சிக்கியவர் எதைப் பேசுவதைத் தவிர்க்கிறாரோ, அதை ஆறுதலான உரையாடல் நாகரிகமாகத் தொடாமல் விட்டுவிடுகிறது. நல்ல நினைவுகளைப் பேசுகிறார்கள், கோபத்தைப் பேசுகிறார்கள், சொந்தக்காரர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பேசுகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்ற அந்தப் பத்து நிமிடங்கள் மட்டும் பேச்சில் வருவதே இல்லை. ஆறு மாதமாகப் போய் வந்து, ஒவ்வொரு முறையும் மனம் லேசாகி, வீட்டுக்கு வந்ததும் பழையபடி ஆகிவிடுகிறதென்றால் பெரும்பாலும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

துக்கத்துக்கென்றே உருவான 16 அமர்வுச் சிகிச்சை

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கேதரின் ஷியரும் அவர் குழுவினரும் உருவாக்கிய இந்த முறைக்கு ஆய்வு ஆதாரம் நிறைய உண்டு. 2005-இல் இதை மனித உறவுகளை மையமாகக் கொண்ட இன்டர்பெர்சனல் தெரபியோடு ஒப்பிட்டபோது, இந்தச் சிகிச்சையில் 51 சதவீதத்தினரும் மற்றதில் 28 சதவீதத்தினரும் தேறினார்கள். 50 வயதைக் கடந்தவர்களிடம் செய்து 2014-இல் வெளியான ஆய்வில் இடைவெளி இன்னும் விரிந்தது: 70.5-க்கு 32 சதவீதம். இரண்டாவது இடம் பெற்ற சிகிச்சையும் லேசுப்பட்டதல்ல, மனச்சோர்வுக்கு நன்றாக நிரூபிக்கப்பட்டது. துக்கத்தை நேரடியாகத் தொடும் சிகிச்சை அதைவிடவும் முன்னே போயிருக்கிறது.

வாரம் ஒரு அமர்வு. முதல் அமர்வில் இறந்தவரோடு இருந்த உறவு, மரணம் நடந்த விதம், அதற்குப் பின் வந்த நாட்கள் ஆகியவற்றைக் கேட்பார்கள். அன்றே ஒரு துக்கக் குறிப்பேடு கைக்கு வரும்: தினமும் படுக்கும் முன், அன்று துக்கம் உச்சத்தில் இருந்த வேளை, மிகக் குறைவாக இருந்த வேளை, நாளின் சராசரி ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 10 வரை எண் போட வேண்டும். பார்க்க அற்பமாகத் தெரியும் இந்த வேலை இரண்டே வாரத்தில் ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிடும். "எப்போதும் ஒரே மாதிரிதான்" என்றவரின் ஏட்டில் 9-உம் இருக்கும், 4-உம் இருக்கும். அந்த 4 எப்போது, யாரோடு இருக்கையில் வந்தது என்பது பிறகு பயன்படும்.

அடுத்த அமர்வில் ஒரு கேள்வி: இந்தத் துக்கம் கட்டுக்குள் வந்துவிட்டால் எதைச் செய்ய ஆசைப்படுவீர்கள்? பதில் சொல்லவே பலருக்குக் கூசும். ஆனாலும் அதை இவ்வளவு சீக்கிரம் கேட்பதற்குக் காரணம் உண்டு. இழப்பை எதிர்கொள்வதும் வாழ்க்கையைத் திரும்பக் கட்டுவதும் ஒன்று முடிந்து மற்றொன்று என்று நடப்பவை அல்ல, மனம் இரண்டுக்கும் இடையே போய்ப் போய் வருகிறது என்று துக்க ஆய்வாளர்களான ஸ்ட்ரோப், ஷுட் இருவரும் 1999-இல் முன்வைத்த கருத்தின் மேல்தான் இந்தச் சிகிச்சை நிற்கிறது. மூன்றாவது அமர்வுக்கு நெருங்கிய ஒருவரை அழைத்து வரச் சொல்வார்கள். வீட்டில் யாராவது ஒருவருக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால், நடுவில் வரும் கடினமான வாரங்களில் சிகிச்சை அறுந்துபோகாது.

நான்காவது அமர்வில் கடினமான பகுதி தொடங்குகிறது. கண்களை மூடி, மரணத்தை அறிந்த தருணத்திலிருந்து, இப்போது நடப்பது போல நிகழ்காலத்தில் சுமார் 10 நிமிடம் சொல்ல வேண்டும். வேதனையின் அளவை 0 முதல் 100 வரை இடையிடையே கேட்டுக்கொள்வார்கள். பேச்சு ஒலிப்பதிவாகும். பிறகு கண்ணைத் திறந்து, எந்த இடத்தில் தொண்டை அடைத்தது, அதில் புதிதாக என்ன தெரிந்தது என்று பேசுவார்கள். அதன் பின் அந்தக் காட்சியை மனதளவில் ஒதுக்கிவைக்கும் பயிற்சி. கடைசியாக, அன்று தனக்குப் பிடித்த ஒன்றைச் செய்து இளைப்பாறத் திட்டம். இந்தக் கடைசி இரண்டையும் நேரமில்லை என்று விட்டுவிடும் சிகிச்சையாளரிடம் எச்சரிக்கை தேவை. வேதனையைத் திறந்துவிட்டு மூடாமல் அனுப்பினால், அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

அந்தப் பதிவை வீட்டில் தினமும் கேட்க வேண்டும். இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் நடப்பது என்னவென்றால், பத்தாவது முறை கேட்கும்போது அழுகையின் உக்கிரம் தணிகிறது. அதைவிட முக்கியமாக, மரணம் நிகழ்ந்துவிட்டது என்பது அறிவுக்குத் தெரிந்த செய்தியாக மட்டும் இல்லாமல் மனதுக்கும் உறைக்கிறது. தவறு நேர்வதும் இங்கேதான். இரவு தூங்கப் போகும் முன் தனியாகக் கேட்பது, பாதியில் உச்ச வேதனையில் நிறுத்திவிடுவது, வேலை செய்துகொண்டே காதில் ஓடவிடுவது ஆகிய மூன்றும் பலனைக் கெடுக்கும். பாதியில் நிறுத்தினால் "இது தாங்க முடியாதது" என்ற பாடத்தைத்தான் மனம் கற்றுக்கொள்கிறது. பகலில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், முழுவதுமாகக் கேட்டு, உடனே எழுந்து வேறொரு வேலைக்குப் போவது நல்லது.

இதோடு கூடவே, தவிர்த்து வந்த இடங்களுக்கும் பொருட்களுக்கும் படிப்படியாகத் திரும்பும் வேலை தொடங்கும். பூட்டிக் கிடக்கும் அறை, அந்த மருத்துவமனைச் சாலை, கைபேசியில் திறக்காமல் வைத்திருக்கும் குரல் செய்தி. எளிதானதிலிருந்து கடினமானதுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் பலமுறை செய்ய வேண்டும். பத்தாவது அமர்வில் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பின், பெரும்பாலும் பதினொன்றாவது அமர்வில், இறந்தவரோடு கற்பனையில் ஓர் உரையாடல்: கேட்க நினைத்ததைக் கேட்டு, அவர் இடத்தில் இருந்து தானே பதில் சொல்வது. மரணக் காட்சியின் வேதனை தணியும் முன் இதைச் செய்தால் பயன் குறைவு. இந்த வரிசை காரணத்தோடு வைக்கப்பட்டது.

துக்கத்தை மையமாகக் கொண்ட சிபிடி

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அழைக்கப்படும் சிபிடியின் துக்க வடிவம் 10 முதல் 25 அமர்வுகள் வரை ஆகலாம். மேலே சொன்ன முறைக்கும் இதற்கும் பொதுவானவை அதிகம். அழுத்தம்தான் மாறுகிறது. துக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும் எண்ணங்களை இது கூடுதலாகக் குடைகிறது.

"அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தால் பிழைத்திருப்பார்" என்று சொல்பவரிடம் "உங்கள் மேல் தவறில்லை" என்று சொல்லிப் பயனில்லை. அதை அவர் நூறு பேரிடம் கேட்டிருப்பார். அன்று காலை உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, இன்று தெரிந்ததில் எது பிறகு வந்தது என்று மணிவாரியாக எழுத வைப்பார்கள். அன்றிருந்த அறிகுறிகளை வைத்து வேறொருவர் என்ன முடிவு எடுத்திருப்பார் என்று கேட்பார்கள். பழி முழுதாகக் கரையாமல் போகலாம், ஆனால் அதன் பருமன் குறையும். "நான் சிரித்தால் அவரை மறந்துவிட்டேன் என்றாகும்" என்ற நம்பிக்கையைப் பேசித் தீர்ப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல்: ஒரு மாலை நண்பர்களோடு கழித்துவிட்டு வந்து, நினைவு மங்கியதா என்று பார்க்கச் சொல்வார்கள்.

"ஏன்?" என்ற கேள்வியை நாள் முழுக்க உருட்டிக்கொண்டிருப்பது துக்கத்தை எதிர்கொள்வது போலத் தோன்றும். பல நேரம் அது தவிர்ப்பின் ஒரு வடிவம். ஏன், யாரால், எப்படித் தடுத்திருக்கலாம் என்று சுற்றிக்கொண்டிருக்கும் வரை "அவர் இனி இல்லை" என்ற ஒரே வாக்கியத்தின் முன் நிற்க வேண்டியதில்லை. அனுபவமுள்ள சிகிச்சையாளர் இதைக் கண்டுபிடிப்பார். அனுபவமற்றவர் அந்தக் கேள்விக்குப் பதில் தேட உதவிக்கொண்டிருப்பார்.

எண்ணங்களைச் சீராக்குவதா, காட்சியை எதிர்கொள்வதா, எது முதலில்? 2007-இல் நெதர்லாந்தில் 12 அமர்வுகளில் இதைச் சோதித்தார்கள். இரண்டு வரிசையும் ஆறுதல் ஆலோசனையைவிட மேலாக இருந்தன. எதிர்கொள்வதை முதலில் வைத்தது மேலும் நன்றாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் பிரயன்ட் குழுவின் 2014 ஆய்வு இன்னும் கூர்மையானது. எல்லோருக்கும் 10 வாரம், வாரம் 2 மணி நேரக் குழுச் சிகிச்சை. கூடவே 4 தனி அமர்வுகள். சிலருக்கு அந்த நான்கில் மரணக் காட்சியை எதிர்கொள்ளும் பயிற்சி, மற்றவர்களுக்கு ஆறுதல் பேச்சு. ஆறு மாதம் கழித்து நோய் அளவில் இன்னும் இருந்தவர்கள் முதல் பிரிவில் 14.8 சதவீதம், இரண்டாவதில் 37.9 சதவீதம். நான்கே அமர்வுகளின் வித்தியாசம் இது.

ஆனால் கணக்கு இவ்வளவு சுத்தமாக முடிந்துவிடவில்லை. ஜெர்மனியில் ரீட்டா ரோஸ்னர் குழு 212 பேரிடம் துக்க சிபிடியை, இப்போதைய அன்றாடச் சிக்கல்களை மட்டும் எடுத்துப் பேசும் சிகிச்சையோடு ஒப்பிட்டது. முடிந்தவுடன் துக்க சிபிடி முன்னே இருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டுக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை, இரண்டிலும் மக்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். மரணக் காட்சியைத் திரும்பச் சொல்ல எந்த வகையிலும் இயலாதவருக்கு இது முக்கியமான செய்தி. நன்கு கட்டமைக்கப்பட்ட, குறிக்கோளுள்ள, நிகழ்கால வாழ்க்கையைத் திருப்பிக் கட்டும் சிகிச்சையும் ஒரு நேர்மையான தேர்வு. மெதுவாகப் பலன் தரலாம் என்று தெரிந்தே அதை எடுக்கலாம்.

மருந்து

மருந்து துக்கத்தைக் குறைக்குமா? 2016-இல் வெளியான ஷியர் குழுவின் ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. 395 பேருக்கு, சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்து, மருந்தே இல்லாத போலி மாத்திரை, துக்கச் சிகிச்சை ஆகியவற்றைச் சேர்த்தும் பிரித்தும் கொடுத்தார்கள். துக்கச் சிகிச்சையோடு போலி மாத்திரை பெற்றவர்களில் 82.5 சதவீதம் பேர் தேறினார்கள். மருந்தைச் சேர்த்தபோது 83.7 சதவீதம். அதாவது துக்கத்தைப் பொறுத்தவரை மருந்து எதையும் கூட்டவில்லை. ஆனால் கூடவே மனச்சோர்வும் இருந்தவர்களுக்கு, சிகிச்சையோடு மருந்து சேர்ந்தபோது மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்தது. எழுந்து குளிக்கக்கூடத் தெம்பில்லாதவருக்கு மருந்து, சிகிச்சைக்கு வந்து உட்காரும் அளவுக்குத் தாங்கிப் பிடிக்கும். ஏற்கெனவே மருந்து எடுப்பவர் அது துக்கத்துக்கு வேலை செய்யவில்லை என்று தானாக நிறுத்தவும் கூடாது. மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

எழுத்துவழி, குழு, மற்றவை

பக்கத்தில் சிகிச்சையாளர் இல்லாதவர்களுக்கும் நேரில் பேசக் கூசுபவர்களுக்கும் இணையவழி எழுத்துச் சிகிச்சை பொருந்தும். சோதிக்கப்பட்ட வடிவம் ஒன்று 5 வாரம் நடக்கிறது: வாரத்துக்கு இரண்டாக 10 எழுத்துப் பயிற்சிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். முதலில் மரணத்தின் கடினமான கணத்தை விரிவாக எழுதுதல். பிறகு அதே இழப்பைச் சந்தித்த ஒரு நண்பருக்கு எழுதுவது போலத் தன் குற்ற உணர்வைத் திரும்பப் பார்த்தல். கடைசியாக, இனி வாழப்போகும் விதம் பற்றி ஒரு கடிதம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சையாளர் எழுத்தில் பதில் தருவார். அந்தப் பதில் இல்லாத செயலிகளை இதற்குச் சமமாக நினைக்க வேண்டாம்.

குழுச் சிகிச்சை தனிமையைக் குறைக்கும், எளிதில் கிடைக்கும். அதில் மட்டும் சேர்ந்தால் தவிர்ப்பவர் பின்வரிசையில் உட்கார்ந்து தவிர்த்துக்கொண்டே இருக்கலாம். பிரயன்ட் ஆய்வில் தனி அமர்வுகள் ஏற்படுத்திய வித்தியாசத்தை நினைவில் கொள்ளுங்கள். மனம் நிறை தியானத்தை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சையை துக்க சிபிடியோடு 100 பேரிடம் ஒப்பிட்டபோது, ஆறு மாதத்தில் சிபிடியே மேலாக இருந்தது. கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். அதிர்ச்சிக் காட்சிகள் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு உதவக்கூடும், ஆனால் துக்கத்துக்கென்று அதன் ஆதாரம் இன்னும் மெலிந்ததே.

குழந்தைகளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். 8 முதல் 18 வயது வரையுள்ள 134 பேரிடம் சோதித்த துக்க சிபிடியில் குழந்தைக்கு 9 அமர்வுகள், பெற்றோருக்கு 5. பெற்றோரை விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் அனுப்புவது பாதி வேலைதான். வீட்டில் மரணத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்ற நிலை இருந்தால் அறைக்குள் கற்றது வாசலோடு நின்றுவிடும்.

எப்படி முடிவெடுப்பது

தற்கொலை எண்ணம் இருந்தால் மற்ற எல்லாம் பிறகு. "அவரிடமே போய்விட வேண்டும்" என்பது துக்கத்தில் பலர் சொல்வது. அது ஏக்கமா, திட்டமா என்பதை நேரடியாகக் கேட்டால்தான் தெரியும். கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. திட்டமோ, கைக்கெட்டும் வழியோ இருந்தால் உடனே அவசர மருத்துவ உதவி. மரணக் காட்சிப் பயிற்சியை அது கட்டுக்குள் வந்த பிறகே தொடங்க வேண்டும். குடி கட்டுமீறிப் போயிருந்தாலும் அப்படியே. பயிற்சி கிளப்பும் வேதனையைக் குடித்து அமிழ்த்தினால் கற்பது ஒன்றுமில்லை.

அது தவிர்ந்த நிலையில், அந்த நாளைப் பற்றிப் பேசவே முடியாதவர், அறையைத் திறக்காதவர் 16 அமர்வு முறையைத் தேடட்டும். குற்ற உணர்வும் கோபமும் தூக்கலாக இருப்பவருக்கு சிபிடி நன்றாகப் பொருந்தும். இறந்தவரைப் பராமரிப்பதே பல வருடங்களாக வாழ்க்கையாக இருந்து, இப்போது காலையில் எழுந்தால் செய்ய வேலையே இல்லாதவருக்கு, எந்த முறையானாலும் அதில் குறிக்கோள்களுக்கும் புதிய அன்றாடத்துக்கும் ஒதுக்கும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் முறையின் பெயரைவிடச் சிகிச்சையாளரின் பதில்கள் அதிகம் சொல்லும். முதல் சந்திப்பில் நான்கு கேள்விகள் போதும்: நீடித்த துக்கத்துக்குக் குறிப்பாகப் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா? எத்தனை அமர்வுகள் ஆகும்? மரணத்தைப் பற்றி நேரடியாகப் பேசுவோமா, எப்போது? முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பீர்கள்? "பேசிக்கொண்டே போவோம், பார்க்கலாம்" என்பது நான்காவது கேள்விக்குப் பதிலல்ல. துக்கத்தை ஐந்து படிநிலைகளாகப் பிரித்து, நீங்கள் இப்போது எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று சொல்பவரையும் விட்டுவிடலாம். துக்கம் அப்படி வரிசையாக நகர்வதில்லை.

தொடங்கிய பின் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் வேதனை கூடுவது இயல்பு. பலர் நிறுத்திவிடுவது அங்கேதான். அதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு, அந்த வாரங்களில் பெரிய வேலைகளையும் பயணங்களையும் தள்ளிவையுங்கள். பத்தாவது அமர்வு அளவில் வினாத்தாள் மதிப்பெண் அசையவே இல்லையென்றால், முதலில் வீட்டுப் பயிற்சிகள் உண்மையில் நடந்தனவா என்று பாருங்கள். நடந்தும் அசைவில்லையென்றால் மனச்சோர்வோ அதிர்ச்சி நோயோ கவனிக்கப்படாமல் கிடக்கிறதா என்று மறுமதிப்பீடு கேளுங்கள். நன்றாகத் தேறியவருக்கும் நினைவு நாளும் பிறந்த நாளும் துக்கக் குறிப்பேட்டின் எண்ணை 3-இலிருந்து 8-க்குத் தூக்கும். அது நோய் திரும்பியதற்கு அடையாளமல்ல, சில நாட்களில் இறங்கிவிடும். கடைசி அமர்விலேயே அடுத்த வருடத்தின் அந்தத் தேதிகளைக் குறித்து, அன்று எங்கே, யாரோடு இருப்பது என்று எழுதிவிடலாம். இரண்டு வாரம் கடந்தும் எண் இறங்காவிட்டால் ஒன்றிரண்டு கூடுதல் அமர்வுகளுக்கு வரலாமா என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.